குளிர்காலத்தில் பான்ஃப் போகிறீர்களா? ஊருக்குள் நடப்பது பற்றி யாரும் எனக்குச் சொல்லாதவை

மாவுக்கட்டைப் பிரித்து இப்போதுதான் இரண்டு கையாலும் தட்டச்சு செய்ய முடிகிறது. விரல்களில் இன்னும் விறைப்பு இருக்கிறது, ஆனாலும் விவரங்கள் மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். ஜனவரியில் டொராண்டோவிலிருந்து, ஆல்பர்ட்டா மாகாணத்தின் ராக்கி மலைகளில் இருக்கும் பான்ஃபுக்குத் தனியாகப் போயிருந்தேன், பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளலாம் என்று. கிளம்பும் முன் எல்லோரும் சொன்ன எச்சரிக்கைகள் மலையைப் பற்றியவை. ஹெல்மெட் இல்லாமல் போகாதே, பயிற்சியாளர் இல்லாமல் இறங்காதே, கயிறு கட்டித் தடுத்திருக்கும் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதே. எல்லாம் நல்ல புத்திமதிதான். ஆனால் நான் ஸ்கீயைக் காலில் மாட்டவே இல்லை. ஊருக்குள், விடுதிக்குத் திரும்பும் நடைபாதையில் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. "பான்ஃபில் கார் தேவையே இல்லை, எல்லாம் நடக்கிற தூரம்" என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள், அது உண்மையும்கூட. அந்த நடை ஜனவரி மாதத்தில் எப்படி இருக்கும், அதற்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் நான் படித்த எதிலும் காணவில்லை.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவ்வளவு நடந்த பிறகும் எனக்கு அந்த ஊர்மேல் துளி வெறுப்பு இல்லை. கால்கரி விமான நிலையத்திலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரம் போல ஆகும். 1885இல் உருவான, கனடாவின் முதல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஊர் இது, கடல்மட்டத்திலிருந்து 1,383 மீட்டர் உயரம். பூங்காவுக்குள் இருப்பதால் காரில் வந்தாலும் பேருந்தில் வந்தாலும் நுழைவுச் சீட்டு வேண்டும், அதை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடலாம். பல தெருக்களுக்கு விலங்குகளின் பெயர்: கரடித் தெரு, ஓநாய்த் தெரு, எருமைத் தெரு என்று போகும். பான்ஃப் அவென்யூவில் நின்று வடக்கே பார்த்தால் தெருவின் முடிவில் காஸ்கேட் மலை வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் மூன்று பனிச்சறுக்கு இடங்கள்: நார்க்வே பத்து நிமிடத்தில் வந்துவிடும், சன்ஷைன் கொஞ்சம் தள்ளி, லேக் லூயிஸ் முக்கால் மணி நேரம் போல. மூன்றுக்கும் காலையில் விடுதிகளிலிருந்தே பேருந்து வருகிறது. ஆகவே கார் இல்லாமல் போகலாம் என்பதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை. ஒருவேளை காரில்தான் போகிறீர்கள் என்றால், லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் பக்கம் போகும் 93ஆம் சாலையில் நவம்பர் முதல் மார்ச் முடிய குளிர்கால டயர் கட்டாயம் என்பதை வாடகைக் கார் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் தங்கியது டனல் மவுண்டன் சாலையில். ஊர் நடுவில் இருக்கும் விடுதிகளைவிட அங்கே வாடகை குறைவு, அறையும் பெரியது. வரைபடம் இருபது, இருபத்தைந்து நிமிட நடை என்று காட்டியது. அந்தத் தூரம் முழுக்க மேட்டில் ஏறுவது என்பதை வரைபடம் காட்டாது. கோடையில் அது ஒரு விஷயமே இல்லை, சாப்பாடு செரிக்க நல்ல நடை. குளிர்காலத்தில் இரவு அந்த மேட்டில் ஏறுவதும், காலையில் அதே சரிவில் இறங்குவதும் முற்றிலும் வேறு வேலை, அதிலும் இறங்குவதுதான் கடினம். ரோம் என்கிற உள்ளூர்ப் பேருந்தின் 2ஆம் எண் தடம் அந்தப் பக்கம் போகிறது, பல விடுதிகள் தங்குபவர்களுக்கு அதற்கான பாஸை இலவசமாகவே தருகின்றன. அறை பதிவு செய்யும்போது பாஸ் உண்டா, இரவு கடைசிப் பேருந்து எப்போது, நிறுத்தத்திலிருந்து விடுதி வாசல் வரை சரிவா சமதளமா, இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள். தனியாகப் போகிறவர் என்றால், ஓர் இரவுக்கு ஐம்பது அறுபது டாலர் கூடப் போனாலும் ஊர் நடுவிலேயே தங்குங்கள் என்பேன்.

சரி, விழுந்த கதைக்கு வருகிறேன். போய்ச் சேர்ந்த மறுநாள் வெயில் அடித்து, வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே போய்விட்டது. ராக்கி மலைகளுக்குக் கிழக்கே இப்படித் திடீரென்று ஒரு வெதுவெதுப்பான காற்று வீசுவது உண்டு, சினூக் என்பார்கள். கூரையிலிருந்தும் ஓரத்தில் ஒதுக்கிய பனிக்குவியலிலிருந்தும் தண்ணீர் வழிந்து நடைபாதையின் குறுக்கே ஓடியது. எல்லோரும் கோட்டைத் திறந்து விட்டுக்கொண்டு சந்தோஷமாக நடந்துகொண்டிருந்தார்கள், நானும்தான். ஜனவரியில் நான்கரை ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், மலைகள் மறைப்பதால் வெயில் அதற்கும் முன்னாலேயே போய்விடும். மாலையில் குளிர் சட்டென்று திரும்பி வந்தது. ஓடிய தண்ணீர் அப்படியே உறைந்தது. அதன்மேல் ஒரு விரற்கடை அளவு புதுப்பனி பெய்தது. ஐஸைக் கண்ணால் பார்த்தால் ஒதுங்கிப் போவோம். புதுப்பனி மூடிய ஐஸ் பார்ப்பதற்கு நல்ல பாதை போலவே, பிடிமானமான வெள்ளைத் தரை போலவே இருக்கும். உள்ளூர்க்காரர்கள் பயப்படுவது கடும் குளிர் நாளுக்கு அல்ல, இப்படி உருகி மறுபடி உறையும் நாளுக்குத்தான் என்று பிறகு தெரிந்தது. வானிலை பார்க்கும்போது வெறும் குறைந்தபட்ச வெப்பநிலையைப் பார்க்காதீர்கள். பகலில் பூஜ்யத்துக்கு மேலே ஏறி, இரவில் மைனஸுக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். அப்படி என்றால் அன்று இரவும் மறுநாள் காலையும் நடப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரவுச் சாப்பாடு முடித்துவிட்டு வந்தபோது பேருந்து அப்போதுதான் போயிருந்தது, நடந்தேன். மேட்டில் பாதி ஏறியிருப்பேன். வலது கால் பின்னால் போனது தெரியும், அடுத்தது தரையில் கிடக்கிறேன். விழும்போது கையை ஊன்றுவது உடம்பு தானாகச் செய்கிற காரியம், யோசிக்க நேரமே இல்லை. வலி உடனே வரவில்லை. கையைப் பார்த்தேன், மணிக்கட்டுக்கு மேலே ஒரு வளைவு இருந்தது, அங்கே இருக்கக் கூடாத வளைவு. அதைப் பார்த்த பிறகுதான் வலித்தது. போனை எடுத்தால் அணைந்து கிடந்தது. கிளம்பும்போது நாற்பது சதவீதம் இருந்தது. குளிரில் பேட்டரி இப்படித்தான் கைவிடும், வெளிக்கோட்டுப் பையில் வைத்திருந்தால் நாற்பது சதவீதம் என்பதற்கு அர்த்தமே இல்லை. உடம்புச் சூடு படுகிற உள்பையில் வையுங்கள், கூடவே ஒரு சிறிய பவர் பேங்க்கும். சாலையில் ஒரு மனிதர்கூட இல்லை. கத்தலாமா என்றுகூட வெட்கமாக இருந்தது, அப்படியே அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, மிகவும் நீண்ட நேரம் போலத் தோன்றியது.

பக்கத்து விடுதியில் வேலை முடிந்து இறங்கி வந்த ஒரு பிலிப்பைன்ஸ் அம்மாதான் என்னைப் பார்த்தார். தன் ஸ்கார்ஃபைக் கழற்றிக் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினார், 911ஐ அழைத்தார், ஆம்புலன்ஸ் வரும்வரை என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். அவர் முதலில் கேட்டது, "மோதிரம், வளையல் ஏதாவது போட்டிருக்கிறாயா, இப்போதே கழற்று" என்றுதான். மோதிரம் வந்துவிட்டது. அம்மா போட்ட தங்க வளையல் வரவில்லை, அதற்குள் கை வீங்க ஆரம்பித்திருந்தது. மருத்துவமனையில் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். ஒரு செவிலியர் பொறுமையாக வழவழப்பான ஜெல்லைத் தடவித் தடவி, கையைத் தூக்கிப் பிடித்து, வெட்டாமலே கழற்றித் தந்தார். அந்த வலியிலும் அந்த வளையல் பிழைத்ததற்காகத்தான் நான் அதிகமாக அழுதேன். கையில் அடிபட்டால் விரல், மணிக்கட்டு நகைகளை அந்த நிமிடமே கழற்றிவிடுங்கள், கால் மணி நேரம் கழித்து முடியாது. நகை வெட்டுப்படுவது மட்டுமல்ல, வீங்கிய விரலில் மோதிரம் இறுக்கினால் ரத்த ஓட்டமே நின்றுபோகலாம்.

மருத்துவமனை ஊர் நடுவிலேயே இருக்கிறது. காத்திருந்தவர்களில் பாதிப்பேர் ஸ்கீ உடுப்போடு இருந்தார்கள், ஆகவே உடைந்த எலும்பைக் கையாள்வதில் அவர்களுக்கு நல்ல பழக்கம். எக்ஸ்ரே எடுத்தார்கள், மரத்துப்போக ஊசி போட்டு எலும்பை இழுத்து நேராக்கினார்கள், கையை முழுவதும் சுற்றி மூடாத அரைக்கட்டு போட்டார்கள். வீக்கம் வடிந்த பிறகு ஊருக்குப் போய் முழுக்கட்டு போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். கிளம்பும் முன் மறக்காமல் எக்ஸ்ரே படங்களின் நகலையும் மருத்துவரின் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். வேறு மாகாணத்து மருத்துவமனையின் படங்கள் உங்கள் ஊர் மருத்துவரின் கணினியில் தானாக வந்து நிற்கும் என்று நம்ப வேண்டாம்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஓஹிப் எனப்படும் ஒன்டாரியோ மாகாண மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் காட்டியதும் மருத்துவர், எக்ஸ்ரே, கட்டு எதற்கும் காசு கேட்கவில்லை. மாகாணங்களுக்கு இடையே அந்த ஏற்பாடு இருக்கிறது, அதனால் அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஆனால் ஆம்புலன்ஸ் அதில் சேராது. சில நிமிடப் பயணத்துக்கு அறுநூறு டாலருக்கு நெருக்கமாக ஒரு பில் பிறகு தபாலில் வந்தது, வெளிமாகாணத்துக்காரருக்குக் கூடுதல் கட்டணமும் சேர்த்து. கடையில் வாங்கும் வலி மாத்திரை, பின்னாளில் வாங்கிய மணிக்கட்டுப் பட்டை இவையும் நம் கையிலிருந்துதான். இதைப் படித்துவிட்டு ஆம்புலன்ஸ் கூப்பிடத் தயங்காதீர்கள். தலையில் அடி, மயக்கம், எழுந்து நிற்க முடியாத வலி என்றால் பில்லைப் பற்றி யோசிக்கவே கூடாது. ஆனால் நடக்க முடிகிறது, கையில் மட்டும்தான் அடி என்றால் டாக்ஸியில் போகலாம். என்ன செய்வது என்று குழப்பமாக இருந்தால் ஆல்பர்ட்டாவில் 811 என்ற எண்ணில் எந்த நேரமும் ஒரு செவிலியரிடம் பேசிக் கேட்கலாம், இலவசம்.

என் கிரெடிட் கார்டோடு பயணக் காப்பீடு இருந்தது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: சிகிச்சைக்கு முன்போ, முடியாவிட்டால் முடிந்தவரை சீக்கிரமாகவோ அவர்களுடைய உதவி எண்ணை அழைத்துச் சொல்ல வேண்டும் என்று அதில் விதி இருக்கிறது. அந்த எண் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நள்ளிரவில் ஒற்றைக் கையால், அதுவும் இடது கையால், போனில் முப்பது பக்க ஆவணத்தைத் துழாவி எடுத்தேன். காப்பீட்டின் அழைப்பு எண்ணையும் பாலிசி எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதி ஓஹிப் அட்டையோடு சேர்த்து வையுங்கள், போன் அணைந்தாலும் காகிதம் இருக்கும்.

அடுத்தது ஸ்கீ வகுப்பு. தொடக்க நிலைக்காரர்களுக்கான வகுப்பு, சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்டுக்கான சீட்டு, உபகரண வாடகை எல்லாம் சேர்த்து முன்பணம் கட்டியிருந்தேன், நானூறு டாலருக்கு மேல். தேதி போட்ட சீட்டு என்பதால் திருப்பித் தர முடியாது என்றார்கள். இந்த விதி பல இடங்களில் உண்டு, முன்கூட்டி வாங்கினால் விலை குறைவதற்கு அதுதான் விலை. முதல் தடவை போகிறவர்கள் எல்லா நாளுக்கும் சேர்த்து வாங்காமல் முதல் நாளுக்கு மட்டும் வாங்கிவிட்டு, உடம்பும் வானிலையும் எப்படி என்று பார்த்து மேற்கொண்டு முடிவெடுப்பது நல்லது. கொஞ்சம் தள்ளுபடி போகும், போகட்டும்.

அந்த இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறைக்குத் திரும்பி பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க முடியாமல், அவிழ்க்காமலே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கோட்டு ஜிப், தண்ணீர் பாட்டில் மூடி, மாத்திரை டப்பா, எதுவும் ஒற்றைக் கையால் திறக்கவில்லை. அம்மாவுக்குச் சொல்லவில்லை, சொன்னால் அங்கே தூக்கம் போய்விடும், இங்கே வரவும் முடியாது. டொராண்டோவில் இருக்கும் தோழியை எழுப்பிப் பேசினேன், அவள் ஒரு மணி நேரம் பேசாமல் அந்தப் பக்கம் இருந்தாலே போதும் என்று இருந்தது. தனியாகப் பயணம் போவதில் எனக்கு எப்போதும் பெருமை உண்டு. அன்று இரவு அந்தப் பெருமையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, வெறும் பயம் மட்டும்தான் இருந்தது. மறுநாள் காலை வரவேற்பு மேசையில் விஷயத்தைச் சொன்னதும், அவர்களே மேல்தள அறையிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றித் தந்தார்கள், மாத்திரை டப்பாவைத் திறந்து சின்னக் கிண்ணத்தில் போட்டுத் தந்தார்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், அந்த ஊரில் அடிபட்ட விருந்தாளியை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

வரவேற்பில் இருந்த பெண்தான் ஐஸ் கிளீட் பற்றி முதன்முதலில் சொன்னவர். ஷூவின் அடியில் ரப்பரால் இழுத்து மாட்டிக்கொள்கிற சின்னச் சின்னக் கம்பிச் சுருளோ ஆணியோ உள்ள பட்டை. அங்கே வேலை பார்க்கும் எல்லோருடைய பையிலும் அது இருக்கிறது. ஊரிலேயே விற்கிறார்கள், வாடகைக்கும் கிடைக்கிறது, ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான் ஆகும். விலை உயர்ந்த குளிர்கால பூட்ஸ் போட்டிருக்கிறோமே, போதாதா என்று நினைக்கலாம். பூட்ஸ் காலைச் சூடாக வைக்கும், அவ்வளவுதான். கெட்டியான ரப்பர் அடிப்பாகம் குளிரில் இன்னும் இறுகி, ஐஸில் பிடிக்காமல் போகும். ஊருக்குள் நடக்கக் கம்பிச் சுருள் போதும். ஜான்ஸ்டன் கேன்யன், டனல் மவுண்டன் பாதை மாதிரி மலை நடைபாதைகளுக்குப் போவதென்றால் நீள ஆணியும் சங்கிலியும் உள்ள வகை வேண்டும். ஒரு எச்சரிக்கை: கடைக்குள்ளோ விடுதிக்குள்ளோ நுழைந்ததும் கழற்றிவிடுங்கள், ஓடு பதித்த தரையில் அந்த ஆணியே வழுக்கும். உட்கார்ந்து மாட்டுங்கள், நின்றுகொண்டு மாட்டப் போய் விழுந்தவர்கள் உண்டு.

நடக்கிற முறையும் இருக்கிறது, அதை அந்தப் பெண் வாசலில் நின்று நடந்தே காட்டினார். பென்குயின் மாதிரி: சின்ன அடி, பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும், உடம்பின் பாரம் முன்காலின் மேலே இருக்க வேண்டும். நாம் சாதாரணமாக நடக்கும்போது குதிகாலை முதலில் வைக்கிறோம், ஐஸில் அந்தக் குதிகால்தான் முதலில் ஓடும். கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடக்காதீர்கள், அதற்காகத்தான் நல்ல கையுறை. கையில் பை தூக்காமல் முதுகில் மாட்டுங்கள். போனைப் பார்த்துக்கொண்டு நடக்கவே வேண்டாம். விழப்போகிறோம் என்று தெரிந்தால் நீட்டிய கையில் விழாமல், முடிந்தவரை முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில், தொடையும் இடுப்பும் முதலில் படுகிற மாதிரி விழப் பாருங்கள். இது சொல்வதற்கு எளிது, வீட்டு மெத்தைமேல் கொஞ்சம் பழகிவிட்டுப் போனால்தான் வரும்.

மீதி நாட்களை நான் ரத்து செய்யவில்லை. கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, கிளீட் மாட்டிக்கொண்டு நடந்தேன், பயம் மெல்ல மெல்லப் போனது. ரோம் பேருந்தின் 1ஆம் எண் தடத்தில் ஏறி சல்பர் மலைக் கேபிள் கார் நிலையத்துக்குப் போனேன். எட்டு நிமிடத்தில் மேலே கொண்டுபோய் விடுகிறது, 2,281 மீட்டர். கீழே அந்தச் சின்ன ஊரும், நடுவில் போ (Bow) என்ற நதி உறைந்து வளைந்து போவதும் தெரிகிறது. பக்கத்திலேயே வெந்நீர் ஊற்றுக் குளம் இருக்கிறது, கட்டோடு இறங்க முடியாது, அதில் எனக்கு மிகவும் வருத்தம். கரடித் தெருவில் இருக்கும் வைட் அருங்காட்சியகத்தில் ஒரு மதியம் முழுக்க இருந்தேன். எல்க் மான்கள் ஊருக்குள்ளேயே வருகின்றன, 30 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லிப் பூங்கா அறிவித்திருக்கிறது. ஐஸில் ஓட முடியாது என்பதால் எனக்கு அதைவிட இன்னும் தள்ளி நிற்பதுதான் சரி என்று பட்டது. ஸ்கீ தெரியாதவருக்கும் குளிர்காலத்தில் அங்கே வாரம் முழுக்கப் பார்க்க இருக்கிறது.

திரும்பும் விமானத்தில் ஒரு சிக்கல் வந்தது. பறக்கும்போது கை வீங்கலாம் என்பதால், கட்டு போட்டு 48 மணி நேரம் ஆகாமல் மூடிய முழுக்கட்டோடு ஏற்றுவதில்லை என்று பல விமான நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன, அதற்குள் பறக்க வேண்டுமென்றால் கட்டைப் பிளந்திருக்க வேண்டும். என்னுடையது அரைக்கட்டு, நாளும் கடந்துவிட்டது, ஆனாலும் நுழைவாயிலில் கேட்டார்கள். மருத்துவரின் குறிப்பில் தேதி இருந்ததால் பிரச்சினை இல்லாமல் முடிந்தது. முன்கூட்டியே அழைத்து உதவி கேட்டிருந்ததால் முதலில் ஏற்றினார்கள், பெட்டியை மேலே வைக்கவும் ஆள் வந்தார். அடிபட்ட கையை இருக்கையில் தாழ்த்தி வைக்காமல், நெஞ்சு உயரத்துக்குத் தூக்கித் தலையணைமேல் வைத்துக்கொண்டு வாருங்கள், வலி குறையும்.

அப்புறம் காப்பீடு. ஆம்புலன்ஸ் பணம் வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு வந்தது, மாத்திரைக்கான பணமும் வந்தது. ஸ்கீ வகுப்புப் பணம் வரவில்லை, பயணத்தைப் பாதியில் நிறுத்தி ஊர் திரும்பியிருந்தால்தான் பயன்படுத்தாத முன்பணத்தைக் கேட்க முடியும் என்று என் பாலிசியில் இருக்கிறது. அதனால் மீதி நாட்கள் இருப்பதா திரும்புவதா என்று முடிவெடுக்கும் முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். மருத்துவமனையிலிருந்து விடுதிக்கு வந்த டாக்ஸிப் பணத்தையும் கேட்டேன், ரசீது இல்லாததால் தரவில்லை. வலியோடு இறங்குகிற அந்த நேரத்தில் ரசீது கேட்கத் தோன்றாது, ஆனாலும் ஓட்டுநரிடம் கேட்டு வாங்கி, மற்ற காகிதங்களோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள்.